டக்கென்று பதில்

போன இதழில் ஒரு வாசகர், ‘கார் திரும்பும்போது சத்தம் போடுகிறதே?’ என்று கேட்டிருந்தார். ‘நேராகவே போங்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். விட்டார்களா? வந்த கடிதங்களில் பாதி ‘எங்கள் வண்டியிலும்தான்’ என்று ஆரம்பிக்கின்றன. மீதிப் பாதி திட்டுகின்றன. பிராயச்சித்தமாக இந்த வாரம் முழுக்க வண்டி. அரசியல், சினிமா கேள்விக்காரர்கள் கொஞ்சம் ஓரம் கட்டி வழிவிடவும்.

‘காதுள்ளவன்’, கும்பகோணம்
நேராகப் போனால் பரம சாது. திருப்பினால் ‘டக்… டக்… டக்…’ என்ன வியாதி?

ப: உங்களுடையது ஆல்ட்டோ, ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி முன்சக்கரம் இழுக்கிற வண்டி என்றால், முதல் சந்தேகம் ஆக்ஸில் ஜாயிண்ட் மேல்தான். கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டின் வெளிமுனையில் இருப்பது. பில்லில் ‘சி.வி. ஜாயிண்ட்’ என்று எழுதுவார்கள். கொட்டாங்கச்சி அளவில் ஓர் எஃகுக் கிண்ணம். அதற்குள் ஆறு குண்டுகள், குண்டுகள் ஓட ஆறு வரிப்பள்ளங்கள், அவை சிதறாமலிருக்க ஒரு கூண்டு. நேராகப் போகும்வரை குண்டுகளுக்கு வேலை கம்மி. கிட்டத்தட்ட உட்கார்ந்த இடத்திலேயே கிண்ணத்தோடு சேர்ந்து சுற்றுகின்றன. ஸ்டியரிங்கை ஒடித்தீர்களோ, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒவ்வொரு குண்டும் தன் வரியில் ஒருமுறை போய்த் திரும்பியாக வேண்டும். வரி தேய்ந்து குழி விழுந்திருந்தால் குண்டு அதில் இறங்கி ஏறுகிறது. அதுதான் ‘டக்’.

14 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் போகும். 10 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடிக்கு மூன்று சுற்று. உங்கள் ‘டக்’கும் சுமாராக அந்தத் தாளத்தில் வந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நெருங்கி, விட்டால் தளர்ந்தால், குற்றவாளி சக்கரத்தோடு சுற்றுகிற எதுவோ ஒன்று. வண்டி எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஸ்டியரிங்கை அசைக்கும்போது மட்டும் கேட்டால் கதை வேறு. பட்டறைக்குப் போகுமுன் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். ‘திரும்பினா சத்தம் வருதுண்ணே’ என்று மொட்டையாகச் சொன்னால் மெக்கானிக் தன் இஷ்டத்துக்குப் பிரிப்பார், உங்கள் செலவில்.

‘வழக்காடு மன்றம்’, திண்டுக்கல்
சத்தம் வலப்பக்கம் என்கிறார் அப்பா. இடப்பக்கம் என்கிறேன் நான். தீர்ப்பு?

ப: ஒரு காலி மைதானம் பாருங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகக் கிட்டத்தட்ட முழுக்க ஒடித்து (கடைசி முட்டுவரை வைத்து அழுத்த வேண்டாம், ஒரு விரல்கடை விடுங்கள்), முதல் கியரில் இரண்டு வட்டம். பிறகு மறுபக்கம் இரண்டு வட்டம். பிறகு ரிவர்ஸிலும் ஒரு சுற்று. கண்ணாடியை இறக்கி, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு.

வட்டத்தின் வெளிப்பக்கத்துச் சக்கரம்தான் கூடுதல் தூரம் ஓடுகிறது. வண்டியின் பாரமும் அந்தப் பக்கம் சாய்கிறது. அதனால் பெரும்பாலும் வெளிப்பக்கத்து ஜாயிண்ட்தான் அதிகம் கத்தும். இடப்பக்கம் திரும்பினால் கத்துகிறதா? வலதைப் பாருங்கள். வலப்பக்கம் திரும்பினால் என்றால் இடதை. நம் ஊரில் சாலையின் இடது ஓரம் போகிறோம். ரவுண்டானா சுற்றுவது, யூ-டர்ன் அடிப்பது எல்லாமே வலது திருப்பம். ஆக ‘ரவுண்டானாவில் மட்டும் கத்துது சார்’ என்றால் முதலில் குனிந்து பார்க்கவேண்டியது இடது முன்சக்கரத்தை.

‘பெரும்பாலும்’ என்று போட்டிருக்கிறேன், கவனிக்க. தகடு வழியாகச் சத்தம் ஊர்வலம் போகும். காதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதினால் அப்பீலில் நிற்காது. ஒரு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, மைதானத்தில் செய்தது போலவே வளைத்து மெல்ல ஓட்டிப் பாருங்கள். சுவர்ப்பக்கத்துச் சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டு ஜன்னலுக்குள் வரும். அப்பாவை அந்த ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

‘சந்தேகப் பிராணி’, சேலம்
சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ‘ஆக்ஸில் பூட் கிழிஞ்சிருக்கு, மாத்தணும்’ என்கிறார்கள். வண்டியில் சத்தமே இல்லை. காசு பிடுங்கும் வேலைதானே?

ப: இந்த ஒரு தடவை அவர்களை நம்பலாம். ஆனால் நம்புவதற்கு முன் நீங்களே பாருங்கள், இரண்டு நிமிட வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடியுங்கள். முன்சக்கரம் வெளியே திரும்பிக்கொண்டு பின்புறத்தைக் காட்டும். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை தெரியும். அதுதான் பூட். மடிப்புகளின் பள்ளத்தில்தான் வெடிப்பு ஒளிந்திருக்கும். விரலால் மடிப்பை லேசாக விரித்துப் பாருங்கள்.

ரப்பரைப் பார்க்க முடியாவிட்டால் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். பூட் கிழிந்திருந்தால், கண்மையைக் குழைத்து வீசினாற்போலக் கறுப்பு கிரீஸ் ஒரு வளையமாகத் தெறித்துப் படிந்திருக்கும். ஷாக் அப்சார்பரின் அடியிலும் ஒரு கோடு இழுத்திருக்கும். அந்தக் கறுப்புக்குக் காரணம் மாலிப்டினம் டைசல்பைடு என்ற சரக்கு. எஃகும் எஃகும் பலத்த அழுத்தத்தில் உரசும் இடங்களுக்கென்றே கிரீஸில் கலப்பது.

கிழிசல் வழியாக, சுற்றுகிற வேகத்தில் கிரீஸ் வெளியே போகும். மழைத்தண்ணீரும் மணலும் உள்ளே வரும். மிச்சக் கிரீஸோடு மணல் கலந்தால் என்ன கிடைக்கும்? வால்வு தேய்க்கப் பட்டறையில் வைத்திருக்கும் பேஸ்ட்! ஜாயிண்ட் தன்னைத்தானே சாணை பிடித்துக்கொள்கிறது. சத்தம் வருவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சின்ன வண்டிக்கு பூட் சில நூறு ரூபாய். ஜாயிண்ட் சில ஆயிரம். கத்த ஆரம்பித்த ஜாயிண்டுக்குப் புது பூட் போடுவது, பல் போன பிறகு பிரஷ் வாங்குவது. நீங்கள் அதிர்ஷ்டக்காரர், பல் இன்னும் இருக்கிறது.

‘ஊசி’, சிவகாசி
எல்லோருக்கும் யோசனை சொல்கிறீர்களே, நீங்கள் ஏமாந்ததே இல்லையா?

ப: இல்லாமலா? பல வருஷத்துக்கு முன் என்னிடம் ஒரு பழைய மாருதி 800 இருந்தது. தெருமுனையில் திருப்பும்போதெல்லாம் ‘கடக்… கடக்’. ஒரு பட்டறையில் (பேர் வேண்டாம்) கேட்டவுடனேயே ‘ஜாயிண்ட் போச்சு’ என்றார்கள். மாற்றினேன். சத்தம் போகவில்லை. ‘அப்ப அந்தப் பக்கம்’ என்றார்கள். அதையும் மாற்றினேன். ‘கடக்’குக்குக் கொஞ்சமும் சுரணை இல்லை.

ஒருநாள் காற்றுப் பிடிக்க பங்சர் கடையில் நிறுத்தினேன். பதினெட்டு வயசுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. காதைச் சாய்த்தான். ஒரு ஸ்குரூ டிரைவரை விட்டு வீல் கப்பை நெம்பினான். உள்ளிருந்து ஒரு வீல் நட்டு விழுந்து உருண்டு என் செருப்பில் முட்டி நின்றது. 800-க்குச் சக்கரத்துக்கு நாலே நட்டு. அதில் ஒன்று கழன்று கப்புக்குள் கோலி விளையாடிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றில் ஒன்று கையாலேயே சுற்றியது.

‘திரும்பும்போது மட்டும் ஏன்?’ என்று அன்று ராத்திரி காகிதத்தில் கணக்குப் போட்டேன். 10 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் போதும், நட்டு கப்பின் ஓரத்தில் அப்பிக்கொண்டு சத்தமில்லாமல் கூடவே சுற்றும். அதற்குக் கீழே போனால்தான் உச்சியிலிருந்து கழன்று விழும். தெருமுனையில் திருப்பும்போது மட்டும்தான் நான் அவ்வளவு மெதுவாகப் போவேன்! ஆக, அது திருப்பத்தில் வந்த சத்தமே இல்லை. மெதுவாகப் போனதால் வந்த சத்தம். நேராக ஒருமுறை உருட்டிப் பார்த்திருந்தால் அங்கேயும் கேட்டிருக்கும். யாரும் உருட்டிப் பார்க்கவில்லை, நான் உட்பட.

அன்றிலிருந்து எந்தச் சத்தத்துக்கும் நான் முதலில் எடுப்பது வீல் ஸ்பானரைத்தான். நட்டு, பிறகு டயர் வரிகளில் சிக்கிய ஜல்லி, பிறகு டிக்கியில் ஜாக்கியும் தண்ணீர் பாட்டிலும். இது மூன்றும் தீர்ந்த பிறகே அடுத்தவர் மேல் சந்தேகம்.

‘நின்றவாக்கில்’, நெல்லை
வண்டி நகரவே வேண்டாம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தாலே ‘டொக்’ என்கிறது. இதுவும் ஆக்ஸில்தானா?

ப: சக்கரம் சுற்றவில்லையே, குண்டு எங்கே ஓடும்? ஆக்ஸிலை விட்டுவிடுங்கள். முன்பக்கத்து ஷாக் அப்சார்பர் உச்சியில், பானெட்டுக்கு அடியில், ஒரு ரப்பர் மவுண்டிங்கும் பேரிங்கும் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங்கும் சேர்ந்து திரும்ப வேண்டும். பேரிங் இறுகிவிட்டால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு நின்று, தாங்க முடியாதபோது ‘டொய்ங்’ என்று குதிக்கும். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, நீங்கள் ஸ்பிரிங் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். குதிப்பது கையில் தெரியும். சுருளுக்கு நடுவே விரல் விடாதீர்கள், பத்தும் பத்திரமாக வேண்டும்.

அது இல்லையென்றால் கீழே லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட், டை ராட் எண்டு. இவற்றில் ‘ப்ளே’ இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னால் பேரம் பேசாமல் அன்றே மாற்றுங்கள். ஆக்ஸில் போனால் வண்டி நிற்கும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கும்.

சத்தம் ஸ்டியரிங் வளையத்துக்குள்ளிருந்தே, காகிதம் உரசுவதுபோல வந்தால் அது ஏர் பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் ரிப்பனாக இருக்கலாம். அதை மட்டும் நீங்களோ பங்சர் கடைப் பையனோ தொடக்கூடாது. பலூன் முகத்தில் வெடிக்கும்.

‘ஸ்பீடு பிரேக்கர்’, கரூர்
பள்ளத்தில் இறங்கினால் மட்டும் ‘கடகட’.

ப: ஸ்டெபிலைசர் லிங்க் ராடு. மலிவான நோய். முதலில் அதைப் பாருங்கள்.

‘ஊளை’, உடுமலை
60-ஐத் தாண்டினால் ‘ஊஊஊ’ என்று ஒரு இரைச்சல். லேசாக வலப்பக்கம் வளைத்தால் கூடுகிறது, இடப்பக்கம் வளைத்தால் குறைகிறது.

ப: வீல் பேரிங். வலப்பக்கம் வளைத்தால் பாரம் இடது சக்கரத்தில் இறங்கும், அதனால் இடது பேரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்.

‘ஒற்றை டக்’, தாம்பரம்
ரிவர்ஸ் எடுத்துவிட்டு முதல் கியர் போட்டு நகர்ந்தால் ஒரே ஒரு ‘டக்’. அப்புறம் மூச்சே இல்லை.

ப: இரண்டு காரணம். ஒன்று அப்பாவி: பிரேக் பேட் தன் இருக்கையில் ஒரு நூலளவு நகர்ந்து உட்காருகிறது. திசை மாறியதும் முதல் பிரேக்கில் வரும். பேட் கிளிப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். மற்றது விஷமி: நகரத் தொடங்கும்போதே வந்தால், ஆக்ஸில் முனையின் பல்வரிகள் ஹப்புக்குள் ஆடுகின்றன. அல்லது ஆக்ஸில் நட்டு தளர்ந்திருக்கிறது. அந்த நட்டைக் குத்துமதிப்பாக இறுக்கக்கூடாது. உங்கள் மாடலுக்குக் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். வீல் நட்டைப்போல இரண்டு பங்கு பலம் கேட்கிற நட்டு அது.

‘பழைய பெருமை’, காரைக்குடி
எங்கள் வீட்டு அம்பாசடரும் திரும்பும்போது முனகுகிறது. ஆக்ஸில் ஜாயிண்ட் மாற்றலாமா?

ப: இருந்தால் மாற்றலாம். அம்பாசடர் பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. முன்சக்கரத்துக்கு இன்ஜினிலிருந்து தண்டே போவதில்லை. பொலீரோ, ஓம்னி, பழைய இன்னோவா எல்லாம் இதே குலம்தான். உங்கள் வண்டியில் முன்பக்கம் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கும். கடைசியாக அதில் கிரீஸ் கன் வைத்தது யார், எந்த ஆட்சியில் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். முனகலுக்கு அதுவே போதும். கிளம்பும்போது வண்டிக்கு அடியில் நடுவிலிருந்து ‘டங்’ என்று அடித்தால் மட்டும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூஜே கிராஸைச் சந்தேகிக்கவும்.

‘பொது அறிவு’, புதுக்கோட்டை
பின்சக்கர வண்டியில் பழைய கிராஸ் ஜாயிண்டே சமாளிக்கிறதே, முன்சக்கரத்துக்கு மட்டும் ஏன் குண்டும் கூண்டும்?

ப: கிராஸ் ஜாயிண்டை அதிகம் மடக்கினால் அது சீராகச் சுற்றாது. ஒரு பக்கம் ஒரே வேகத்தில் சுற்றினாலும் மறுபக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகமெடுத்து இரண்டு தடவை தயங்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் சின்னக் கோணத்தில் அது பெரிதாகத் தெரியாது. முன்சக்கரமோ ஒரு திருப்பத்தில் 35, 40 டிகிரிவரை மடங்குகிறது. அங்கே கிராஸ் ஜாயிண்டைப் போட்டால் ஸ்டியரிங் கையிலேயே குதிரை ஓடும்.

குண்டுகளை எப்போதும் இரண்டு தண்டுகளுக்கும் நடுக்கோணத்தில் நிறுத்திவிட்டால் இந்தத் தயக்கம் இருக்காது என்று, ஃபோர்டு கம்பெனியில் இருந்த ஆல்ஃப்ரெட் செப்பா என்ற பொறியாளர் 1920-களில் வழி கண்டுபிடித்தார். 1959-இல் பிரிட்டனில் வந்த மினி கார் அந்த ஜாதி ஜாயிண்டோடு வந்துதான் சின்னக் கார் என்றால் முன்சக்கர இழுவை என்று ஆக்கியது. நமக்கு அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது 1983-இல் மாருதி 800. அம்பாசடரில் கைதேர்ந்திருந்த மெக்கானிக்குகளுக்கு ‘டக் டக்’ என்கிற புதிய பிழைப்பையும் அதுவே கொண்டுவந்தது.

‘நாட்டு வைத்தியம்’, ராஜபாளையம்
கத்துகிற ஜாயிண்டில் மெக்கானிக் புது கிரீஸ் அடைத்துக் கொடுத்தார். ஒரு வாரம் சத்தமே இல்லை. இப்போது மறுபடியும். கிரீஸ் மட்டமோ?

ப: கிரீஸ் நல்லதுதான். அது சத்தத்தை அமுக்கியதே தவிர, எஃகில் விழுந்த குழியை எந்த கிரீஸும் நிரப்பாது. வண்டியை விற்கப் போகிறவர்களுக்கு இந்த வைத்தியம் ரொம்பப் பிடிக்கும் என்பதைப் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளவும். பூட்டும் கிளாம்பும் மட்டும் பளபளவென்று புதுசாக இருந்தால், ‘எப்ப மாத்துனீங்க, ஏன் மாத்துனீங்க?’ என்று கேளுங்கள். பதில் வருவதற்குள் எத்தனை விநாடி ஆகிறது என்பதையும் பாருங்கள்.

‘தன் கையே தனக்குதவி’, ஓசூர்
வீடியோ பார்த்தேன். சுலபமாகத்தான் இருக்கிறது. நானே மாற்றலாமா?

ப: வீடியோவில் துருப்பிடித்த நட்டு இருக்காது. ஆனாலும் கை துருதுருவென்று இருந்தால் சில இடங்களில் ஜாக்கிரதை.

ஆக்ஸில் நட்டை, வண்டி நாலு காலில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு முண்டினால் வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கும், உங்கள் மேல். நட்டின் ஓரம் தண்டின் காடியில் தட்டி மடக்கப்பட்டிருக்கும். அதை நிமிர்த்தாமல் சுற்றினால் மரை போய்விடும். கழற்றிய நட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதுசு வாங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைக்க வேண்டும்.

லோயர் பால் ஜாயிண்டைக் கழற்றினால் ஹப் வெளியே சாயும், ஆக்ஸில் வழுகி வரும். அப்போது தண்டைத் தொங்கவிடாதீர்கள். உள்முனையில் மூன்று உருளையோடு இன்னொரு ஜாயிண்ட் இருக்கிறது, அது பிதுங்கிக் கழன்றுகொள்ளும். ஒரு கயிற்றில் கட்டி வையுங்கள். முழுத் தண்டையும் கியர் பாக்ஸிலிருந்து உருவினால் கியர் ஆயில் கொட்டும், அதை முதலில் வடித்துவிடுங்கள். பழைய வெளி ஜாயிண்ட் பெரும்பாலான சின்ன வண்டிகளில் ஒரு சர்க்கிளிப்பில்தான் மாட்டியிருக்கும். பித்தளைத் துண்டை உள்வளையத்தில் வைத்து ஒரே போடு போட்டால் வந்துவிடும். அந்த ‘ஒரே’ போடு எனக்கு ஏழாவது தடவையில் விழுந்தது.

கழற்றியதை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்துப் பாருங்கள். வரிப்பள்ளத்தில் நகத்தை ஓட்டினால் தேய்ந்த இடத்தில் நகம் தடுக்கும். பூட்டை மட்டும் மாற்றினால் போதுமா, ஜாயிண்டும் போய்விட்டதா என்று அந்த நகம் சொல்லும். புது ஜாயிண்டோடு வரும் கிரீஸ் பொட்டலத்தை மிச்சம் வைக்காமல் அடையுங்கள். வீட்டில் இருக்கிற மஞ்சள் கிரீஸ் இதற்கு ஆகாது. பூட்டின் உள்ளே அடைபட்ட காற்றை ஒரு ஸ்குரூ டிரைவர் நுனியால் வெளியேற்றிவிட்டு கிளாம்பை இறுக்குங்கள். கிளாம்புக்குப் பதில் கட்டுக்கம்பி முறுக்கும் வழக்கம் உண்டு. கம்பி ரப்பரை அறுக்கும், அடுத்த மழைக்குள் மறுபடி குத்துக்கால் போடுவீர்கள். ஆக்ஸில் இல்லாமல் வண்டியை இறக்கி உருட்டாதீர்கள், பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த நட்டுதான்.

இவ்வளவும் படித்துவிட்டு ‘ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் போதுமா?’ என்று யோசிக்கிறீர்கள் அல்லவா? பழகிய கைக்கு இரண்டு மணி நேரம். உங்களுக்கு ஞாயிறும், திங்கள் ஒரு லீவு லெட்டரும்.

‘சிக்கனம்’, ஈரோடு
புது ஆக்ஸிலா, புதுப்பேட்டையில் பழசா?

ப: பழசு வாங்கலாம், பார்த்து வாங்கத் தெரிந்தால். ஜாயிண்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்குங்கள். முன்னும் பின்னும் ‘கிளக்’ என்று ஆடினால் கீழே வைத்துவிடுங்கள். மடக்கிச் சுற்றினால் வெண்ணெய் மாதிரி போகவேண்டும். நீளமும் பல் எண்ணிக்கையும் உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும் (பழைய ஆக்ஸிலைக் கையோடு தூக்கிக்கொண்டு போங்கள்). ஏ.பி.எஸ். வண்டி என்றால், சில மாடல்களில் ஜாயிண்டின் கழுத்தில் பல்சக்கர வளையம் ஒன்று இருக்கும். அது இல்லாததையோ பல் எண்ணிக்கை மாறியதையோ மாட்டினால் மீட்டரில் மஞ்சள் விளக்கு உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும்.

‘மலையேறி’, ராசிபுரம்
இரண்டு மாசமாகக் கத்துகிறது, ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் குடும்பத்தோடு கொல்லிமலை. போய்வந்து பார்த்துக்கொள்ளலாமா?

ப: கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை ஒடித்து, முதல் கியரில் முழுப் பாரத்தையும் இழுக்கச் சொல்லப் போகிறீர்கள். தேய்ந்த ஜாயிண்டுக்கு இதைவிடக் கொடிய தண்டனையை நானே யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

கத்துகிற ஜாயிண்ட் உடனே உடையாது என்பது உண்மை. மாசக்கணக்கில் ஓடும். ஆனால் உடைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்து ஆக்ஸில் போனால் ‘இன்னொரு பக்கம் இழுக்கும்’ என்று நினைக்கவேண்டாம். சாதாரண டிஃபரன்ஷியல், பிடிமானம் இல்லாத பக்கம் வெறுமனே சுற்றித் தீர்த்துவிடும். இன்ஜின் அலறும், வண்டி அசையாது. அதைவிட முக்கியம், மலைச்சரிவில் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது! உடைந்த முனை உள்ளே சுழல, நல்ல சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லும்தான் துணை. பஸ்ஸில் போங்கள். ஆகாய கங்கை அருவிக்கு உங்கள் கார் வந்துதான் ஆகவேண்டும் என்றில்லை.

‘மின்சாரக் கண்ணா’, கோவை
எலெக்ட்ரிக் கார் வாங்கிவிட்டேன். இந்தத் தொல்லையெல்லாம் இனி இல்லைதானே?

ப: இன்ஜின் போயிற்று, ஆக்ஸில் எங்கே போயிற்று? நெக்ஸான் இ.வி. மாதிரி முன்சக்கர வண்டிகளில் அதே ஜாயிண்ட், அதே கிரீஸ், அதே ரப்பர் துருத்தி. மோட்டார் ஓசைப்படாது என்பதால் மற்ற வண்டியில் அமுங்கிப்போகும் ‘டக்’ உங்களுக்குத் தெளிவாகவே கேட்கும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதல்லவா, அப்போது ஜாயிண்டில் விசை திசைமாறுகிறது. பல்வரி தளர்வாக இருந்தால் அங்கேயும் ஒரு ‘டக்’. ஆயில் மாற்றும் வேலைதான் குறைந்தது. குத்துக்கால் போடும் வேலை அப்படியே இருக்கிறது.

‘இசைப்பிரியன்’, திருவையாறு
பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டால் தீர்ந்தது. இதற்குப்போய் ஒரு இதழா?

ப: தாளம் தப்புமே, திருவையாற்றுக்காரருக்குத் தெரியாதா?

‘சாட்சி’, மதுரை
என் வீட்டுக்காரர் ஓட்டும்போது எனக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்கிறது. அவருக்குக் கேட்கவே இல்லையாம். ‘உனக்குப் பிரமை’ என்கிறார். பிரமையா?

ப: இல்லை. நீங்கள் இடது சீட்டில் உட்காருகிறீர்கள். நம் யூ-டர்ன் எல்லாம் வலப்பக்கம், அப்போது கத்துவது இடது சக்கரம். அது உங்கள் பாதத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் ஹாரனும் பக்கத்து வண்டிக்காரரும். இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் இடது சீட்டில், நீங்கள் ஸ்டியரிங்கில். ஓட்டத் தெரியாதென்றால் எல் போர்டு எடுத்து மாட்டிவிட்டு மேலே சொன்ன காலி மைதானத்துக்கே போங்கள். வலப்பக்கம் இரண்டு வட்டம், கண்ணாடி இறக்கி, முதல் கியரில். பழகினமாதிரியும் ஆச்சு.